ஆருடைய பயம் நியாயமான பயம்?



இந்த முறை வாடகை உயர்வு பற்றி எழுதுறதாச் சொல்லியிருந்தன். அரைவாசி எழுதியும் வைச்சிருந்தன். அதை அடுத்த மடலுக்குத் தள்ளிப்போட்டது ஒரு குசினிக் கதையால.

பார்க் எக்ஸ்ரென்சனில் ஒரு பிறந்தநாள் வீடு. ஆம்பிளையள் வழக்கம்போல முன்னறையில். கதை எங்கெங்கையோ சுத்தி லிண்ட்சேயில் வந்து நிண்டது. 2025 ஆகஸ்டில் ஒன்ராறியோவின் லிண்ட்சே நகரில், தன்ர வீட்டுக்குள் புகுந்தவனைக் காயப்படுத்தின வீட்டுக்காரர் மேலேயே பொலிஸ் குற்றம் சுமத்தினது ஞாபகம் இருக்கும். முதல்வர் டக் ஃபோர்ட் கொதிச்சார். கன்சர்வேற்றிவ் தலைவர் பியேர் பொலியேவ் அந்த மாத முடிவுக்குள்ளேயே ஒரு திருத்தத்தை முன்வைச்சார்: வீட்டுக்குள் அத்துமீறி வருபவனுக்கு எதிராகப் பாவிக்கிற பலம், உயிர் போனாலும், நியாயமானதுதான் எண்டு சட்டம் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொள்ள வேணும். எங்கட மாமா ஒருவருக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சு. "உள்ளுக்க வந்தா வெட்ட வேண்டியதுதான். என்ர வீடு, என்ர சட்டம்." எல்லாரும் தலையாட்டினவை.

குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நிண்ட அக்கா ஒருத்தி, திரும்பாமலே மெதுவாச் சொன்னா: "வெளியில இருந்து வாறவனுக்குத்தான் சட்டம் மாத்தப் போயினமாம். உள்ளுக்கையே இருக்கிறவனுக்கு?"

பிறகு கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா. அவ 2013இல் ஸ்பொன்சரில் வந்தவ. வந்து சில மாதத்துக்குள் அடி தொடங்கினது. ஒரு இரவு, "விடிய நீ இருக்க மாட்டாய்" எண்டு சொல்லிப்போட்டு அந்தாள் சோபாவில் நித்திரையாப் போனார். அவ மீன் வெட்டுற கத்தியோட அந்த சோபாவுக்குப் பக்கத்தில் கனநேரம் நிண்டிருக்கிறா. பிறகு கத்தியைக் கொண்டுபோய் லாச்சிக்குள் வைச்சுப்போட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு விடியும் வரைக்கும் இருந்திருக்கிறா. இப்ப அந்தாளோட இல்லை.

"நீ உந்தச் சட்டங்கள் வாசிக்கிறனீதானே தங்கச்சி. நான் அண்டைக்குக் குத்தியிருந்தா, கோட்டில என்ன சொல்லியிருப்பாங்கள்?"

எனக்குச் சட்டெண்டு பதில் வரேல்லை. வீட்ட வந்து வாசிச்சதை இங்கை எழுதுறன். அவவைக் கேட்டுத்தான் எழுதுறன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாத்தியிருக்கிறன்.

முதலில் சட்டம் என்ன சொல்லுது எண்டு பார்ப்பம். கனடாவின் குற்றவியல் சட்டத்தில் தற்காப்பு 34ஆம் பிரிவில் இருக்கு. இப்ப இருக்கிற வடிவம் 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூண்டு கேள்விதான். உன் மீது அல்லது வேறொருவர் மீது பலம் பாவிக்கப்படுது, அல்லது பாவிக்கப்படப்போகுது எண்டு நீ நம்பினதுக்கு நியாயமான காரணம் இருந்ததா? நீ செய்தது காப்பாற்றுவதற்காகத்தானா, பழிவாங்கவா? நீ செய்த செயல் அந்தச் சூழ்நிலையில் நியாயமானதா? மூண்டாவது கேள்விக்கு நீதிமன்றம் பார்க்க வேண்டிய காரணிகளின் பட்டியல் ஒண்டு இருக்கு: ஆபத்து எவ்வளவு உடனடியானது, வேறு வழி இருந்ததா, சம்பவத்தில் உன்ர பங்கு என்ன, ஆயுதம் இருந்ததா, இரண்டு பேரின் உடல் பருமன், வயது, பால், முந்தி நடந்த வன்முறை, பாவிச்ச பலம் ஆபத்துக்கு ஏற்ற அளவா. இந்தப் பட்டியல் முடிந்த பட்டியல் இல்லை. வேறு சூழ்நிலைகளையும் சேர்க்கலாம். இதை ஞாபகம் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

எங்கட அம்மா அப்பாக்களுக்கு விளங்காத ஒரு விசயம் உண்டு. இலங்கையில் தற்காப்பு எண்டு சொல்லுறவர்தான் அதை நிரூபிக்க வேணும். சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு அந்தச் சுமையை எதிரியின் தலையில் வைக்குது. இந்தியாவிலும் அதே கதைதான், இரண்டும் ஒரே வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. கனடாவில் மறுவளம். தற்காப்பை ஜூரிக்கு முன்னால் வைக்கிற அளவுக்கு ஓரளவு ஆதாரம் இருந்தால் போதும். அதுக்குப் பிறகு அது தற்காப்பு இல்லை எண்டு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்புத்தான் நிரூபிக்க வேணும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எங்கட பழைய சட்டத்தில் இருக்கிற ஒரு படி இங்கை இல்லை. இலங்கை, இந்தியத் தண்டனைச் சட்டங்களில், நல்லெண்ணத்தோட தற்காக்கப் போய் அளவு மீறினால், கொலைக்குற்றம் ஒரு படி இறங்கும். கனடாவில் அப்பிடி ஒரு நடுப்படி இல்லை எண்டு உச்ச நீதிமன்றம் 1983இல் ஃபெய்ட் வழக்கில் சொல்லிப்போட்டுது. தற்காப்பு வெண்டால் முழு விடுதலை. தோத்தால், கொல்லும் நோக்கம் இருந்திருந்தால், கொலை. கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம். இரண்டாந்தரக் கொலை எண்டால் குறைஞ்சது 10 வருசம் பரோல் இல்லை. நீதிபதிக்கு மனம் இரங்கினாலும் கீழ போகேலாது.

அக்காவின்ர கேள்விக்குக் கிட்டவாக வாற வழக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச லவலே வழக்கு. 1986 ஆகஸ்ட், வினிபெக். லின் லவலே எண்ட 22 வயதுப் பெண், தன்னோட வாழ்ந்த கெவின் ரஸ்டைத் தலையின் பின்பக்கம் சுட்டுக் கொண்டுபோட்டா. அவன் அப்ப அறையை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தவன். வீட்டில் விருந்து. விருந்தினர் போன பிறகு உன்னைக் கொல்லுவன் எண்டு மிரட்டியிருந்தவன். அதுக்கு முந்தின வருசங்களில் அவ பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறா, ஒவ்வொரு முறையும் விழுந்துபோனன் எண்ட மாதிரி ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கிறா. முதுகு காட்டிப் போறவனைச் சுடுறது எப்பிடித் தற்காப்பு ஆகும்? மனநல மருத்துவரின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரி விடுதலை செய்தது. மனிற்றோபா மேன்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்தது. 1990 மே 3இல் உச்ச நீதிமன்றம் விடுதலையைத் திருப்பிக் கொடுத்தது. தீர்ப்பை எழுதினவ பேர்தா வில்சன், அந்த நீதிமன்றத்துக்கு வந்த முதல் பெண் நீதியரசர்.

அவ சொன்னதில் முக்கியமானது இதுதான். சட்டம் காலங்காலமாக மனசில் வைச்சிருந்த 'நியாயமான மனிதன்' மதுக்கடையில் சண்டை பிடிக்கிற ஒரு ஆம்பிளை. சம பலமுள்ள இரண்டு பேர், ஒருவன் அடிக்க வாறான், மற்றவன் அந்தக் கணத்திலேயே திருப்பி அடிக்கிறான். தன்னைவிடப் பலமான ஒருவனோட ஒரே வீட்டில் வாழுற பெண் அந்தக் கணத்தில் திருப்பி அடிச்சால் செத்துப்போவா. அடி விழும் வரைக்கும் காத்திரு எண்டு சொல்லுறது தவணைமுறையில் கொலைக்குச் சம்மதிக்கச் சொல்லுறது மாதிரி எண்ட கருத்தை ஒரு அமெரிக்கத் தீர்ப்பில் இருந்து எடுத்துச் சொன்னா. 'ஏன் அவள் விட்டுட்டுப் போகேல்லை?' எண்டது அவளின்ர குற்றத்தை அளக்கிற கேள்வி இல்லை எண்டும் சொன்னா.

கியூபெக்கிலும் ஒண்டு இருக்கு, இது எங்கட ஆக்களுக்கு அவ்வளவாத் தெரியாது. கொலெற் பெத்தெல். மகளின்ர காதலன் போதைப்பொருள் வியாபாரத்தை இவவின்ர வீட்டுக்குள் கொண்டுவந்து, மாதக்கணக்கா மிரட்டிக்கொண்டிருந்தவன். 1989 யூலையில் ஒரு நாள் துவக்கோட வந்து, உன்னையும் மகளையும் பேரப்பிள்ளையையும் கொல்லுவன் எண்டான். அவன் ஒளிச்சு வைக்கச் சொன்ன அதே துவக்கால அவ அவனையும் அவன்ர கூட்டாளியையும் சுட்டா. கூட்டாளி செத்தான். வழக்கு நடக்கேக்க ஜூரி நீதிபதியிட்ட ஒரு கேள்வி கேட்டது: அந்த ஒரு இரவு நடந்ததை மட்டும் பார்க்கிறதா, முந்தின மாதங்களின் மிரட்டலையும் சேர்த்துப் பார்க்கிறதா? நீதிபதி சரியாப் பதில் சொல்லேல்லை. ஜூரி கொலைக்குற்றவாளி எண்டது. 1994இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நாலு எண்ட மயிரிழையில், மறுவிசாரணை வேணும் எண்டது. முந்தின மிரட்டல்களும் சேரும். ஆபத்து அந்த நிமிசமே வரவேணும் எண்டு ஒரு கட்டாய விதி இல்லை. ஒரு அம்மம்மா மாதக்கணக்காப் பயந்துகொண்டு இருந்ததை அந்தக் கடைசி நிமிசத்தில் இருந்து வெட்டி எடுக்கேலாது எண்டதைச் சொல்ல, நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தில் ஒரேயொரு வாக்கு வித்தியாசம்.

சரி, அப்ப அக்கா தப்பியிருப்பாவா?

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிப்போட்டுக் கனநேரம் யோசிச்சனான். லவலே தீர்ப்பு வந்து எட்டு வருசத்தில், 1998இல், மலொட் வழக்கில் நீதியரசர் கிளேர் லெரூ-டுபே ஒரு எச்சரிக்கை எழுதினா. (அவ கியூபெக்காரி. மொன்றியலில் சட்டம் படிக்கிற தோழர்கள் அவவை எடுத்து வாசியுங்கோ.) 'அடிபட்ட பெண்' எண்டதே ஒரு புது அச்சாக மாறிப்போகும் அபாயம் இருக்கு எண்டா. பயந்து, ஒடுங்கி, ஒண்டும் செய்யத் தெரியாமல் இருக்கிறவள்தான் அடிபட்டவள் எண்டு ஆகிவிட்டால், திருப்பி அடிச்சவள், உத்தியோகம் பார்க்கிறவள், வெள்ளையில்லாதவள் இந்த அச்சுக்குள் பொருந்தமாட்டாள். எங்கட அக்கா ஒரு கடையில் இரண்டு ஷிப்ட் வேலை செய்தவ. வாய்க்கு வாய் கதைக்கிறவ. ஒருமுறை அந்தாளுக்குத் திருப்பி அறைஞ்சும் இருக்கிறா. ஜூரிக் கூண்டில் இருக்கிற 12 பேருக்கு அவவைப் பார்த்தா என்ன தோணியிருக்கும்? சொல்லப்போனால், அந்த மலொட் அம்மாவும் எச்சரிக்கை எழுதப்பட்ட அதே தீர்ப்பில் தோத்துப்போனவதான். குற்றத்தீர்ப்பு அப்பிடியே நிண்டது.

இன்னொரு விசயம், ஜூரி வரைக்கும் போறவையே குறைவு. ஒட்டாவாப் பல்கலைக்கழகப் பேராசிரியை எலிசபெத் ஷீஹி இதைப் பற்றி 2014இல் ஒரு புத்தகமே எழுதினா. லவலேக்குப் பிறகும் இந்தப் பெண்களில் பலர் தற்காப்பு எண்டு வாதாடாமலே, மான்ஸ்லோட்டர் எண்டு குறைஞ்ச குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ள போகினம். ஏன் எண்டு கணக்குப் பார்த்தால் விளங்கும். ஒரு பக்கம் ஆயுள் தண்டனை. மற்றப் பக்கம் அரசுத் தரப்பு நீட்டுற சில வருசம். வீட்டில் பிள்ளையள். நீங்கள் எண்டால் எதை எடுப்பியள்? தற்காப்பு வாதம் பலமா இருக்கிறவளே அதைக் கைவிட வேண்டிவருது. 1995இல் அரசாங்கம் நீதிபதி லின் ரட்டுஷ்னியை நியமிச்சு, ஏற்கெனவே சிறையில் இருந்த பெண்களின் வழக்குகளைத் திருப்பிப் பார்க்கச் சொன்னது. 98 பெண்கள் விண்ணப்பிச்சினம். 1997 அறிக்கையில் அவ நிவாரணம் சிபாரிசு செய்தது 7 பேருக்கு.

இதில் குடிவரவுச் சட்டத்தைச் சேர்த்துப் பாருங்கோ. இதைப் பற்றி வெள்ளைக்காரப் பெண்ணியத் தோழர்கள் எழுதுறது குறைவு, அதால நாங்கள்தான் சத்தமாச் சொல்ல வேணும். நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ள ஒருவர், குடியுரிமை எடுக்காதவர், மான்ஸ்லோட்டரை ஒப்புக்கொண்டால் அது 'பாரதூரமான குற்றம்'. 6 மாதமோ அதுக்கு மேலையோ தண்டனை கிடைச்சால், நாடுகடத்தும் உத்தரவுக்கு எதிராகக் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போற உரிமையே இல்லை. 2013க்கு முன்னம் அந்த எல்லை 2 வருசமா இருந்தது, ஹார்ப்பர் அரசாங்கம் அதை 6 மாதமாக் குறைச்சது. ஆக, வினிபெக்கில் பிறந்த லின் ஒருத்திக்கு அந்தப் பேரம் சில வருசச் சிறை. எங்கட அக்காவுக்குச் சில வருசச் சிறையும், அதுக்குப் பிறகு கட்டுநாயக்காவும். பிள்ளை இங்கை.

'வேறு வழி இருந்ததா' எண்ட காரணிக்கு வருவம். நீதிமன்றம் இதைக் கேட்கேக்க அதன்ர மனசில் இருக்கிற வேறு வழி 911. அக்கா வந்த காலத்தில், 2012 ஒக்டோபரில் இருந்து 2017 ஏப்ரல் வரைக்கும், கலியாணம் கட்டி ஸ்பொன்சரில் வாறவை பலருக்கு இரண்டு வருசம் அந்தத் துணையோட சேர்ந்து வாழ வேணும் எண்ட நிபந்தனை இருந்தது. வன்முறைக்கு விதிவிலக்கு இருந்தது. அவவுக்கு ஒருத்தரும் அதைச் சொல்லேல்லை. அந்தாள் சொன்னது, "பொலிசைக் கூப்பிட்டா நீதான் பிளேன் ஏறுவாய்." அவவுக்குப் பிரெஞ்சும் தெரியாது. பொலிஸ் எண்ட சொல்லுக்கு அவவின்ர உடம்பில் இருந்த அர்த்தம் வவுனியாவில் கிடைச்சது. இவ்வளவும் சேர்ந்தால் 911 எண்டது அவவுக்கு ஒரு வழியா? 34ஆம் பிரிவின்ர பட்டியல் திறந்த பட்டியல் எண்டு மேல சொன்னன். குடிவரவு நிலை, மொழி, போர் அனுபவம், இதெல்லாத்தையும் ஒரு நல்ல வழக்கறிஞர் உள்ள கொண்டுவரலாம். கொண்டுவரத் தெரிஞ்ச வழக்கறிஞர், அதுவும் சட்ட உதவியில், கிடைக்க வேணும்.

பொலிசை நம்பாத ஆள் எண்டால் மொன்றியலில் ஒரு வழக்கு உடனே ஞாபகம் வரும். சினுஸ் வழக்கு. 1994 பெப்ரவரி. ஜாக் சினுஸ் கள்ள வேலை செய்யிற ஒரு ஆள். இரண்டு கூட்டாளிகளோட வானில் களவெடுக்கப் போறான். அவங்கள் தன்னைக் கொல்லத்தான் கூட்டிக்கொண்டு போறாங்கள் எண்டு வழியில் அவனுக்கு உறுதியாகுது. ஒரு பெற்றோல் நிலையத்தில் இறங்கி, கண்ணாடி கழுவுற தண்ணி வாங்கிக்கொண்டு வந்து, வானின் பின்கதவைத் திறந்து ஒருத்தனின் தலையின் பின்பக்கம் சுட்டான். பொலிசைக் கூப்பிடுற யோசனையே வரேல்லை, வாழ்க்கை முழுக்க பொலிசிட்ட இருந்து ஓடினவன் நான் எண்டான். 2002இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, இது ஜூரிக்கு முன்னால் வைக்கவே தகுதியில்லாத தற்காப்பு எண்டது. வேறு வழி இல்லை எண்டு அவன் நம்பினது உண்மையா இருக்கலாம், ஆனால் அந்த நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை இல்லை. அது பழைய சட்டம், வேறு வழி இல்லாமை அதில் கட்டாய நிபந்தனை. இப்ப அது காரணிகளில் ஒண்டு. சினுசுக்காக நான் கண்ணீர் விடேல்லை. ஓடித் தப்பியிருக்கலாம்தான். ஆனால் பொலிஸ் எனக்கில்லை எண்டு உறுதியா நம்புற ஆக்கள் கள்ளர் மட்டும் இல்லை எண்டதை அந்தத் தீர்ப்பை வாசிக்கேக்க மறக்க ஏலாமல் இருந்தது.

இனி 2008க்கு வாங்கோ. அந்த வருசத்தின் இரண்டு திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைச்சுப் பார்க்கிறதை நான் நிறுத்தேலாமல் இருக்கிறன்.

யூன் 13. பாசில் பரசிரிஸ் எண்ட புறொசார் வியாபாரியை ஜூரி விடுதலை செய்தது. அதுக்கு முந்தின வருசம் மார்ச் 2ஆம் திகதி விடியப்புறம் 5 மணி போல, லவால் பொலிஸ் போதைப்பொருள் சோதனைக்கு அவரின்ர வீட்டுக் கதவை இடிச்சு உடைச்சுக்கொண்டு உள்ள வந்தது. மனைவியும் பிள்ளையளும் வீட்டில் நித்திரை. கள்ளர் வந்திட்டாங்கள் எண்டு நினைச்சன் எண்டார். துவக்கை எடுத்துச் சுட்டார். டானியல் தெசியே எண்ட பொலிஸ்காரர் செத்துப்போனார். முதல்தரக் கொலைக் குற்றச்சாட்டு. நீதிபதி கி கூர்னுவாயே அந்தச் சோதனை ஆணையே செல்லாது எண்டு தீர்ப்பளிச்சார். ஜூரி அவரின்ர பயத்தை நம்பினது. பொலிஸ்காரர் செத்த வழக்கில் இப்பிடி ஒரு தீர்ப்பு வாறது லேசான விசயம் இல்லை, நான் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்லவும் இல்லை. 12 பேர் இருந்து, கேட்டு, அளந்து சொன்னது.

ஆகஸ்ட் 9. எட்டுக் கிழமை கழிச்சு. மொன்றியல் நோர், ஒன்றி-பூராசா அரங்குக்குப் பின்னால் இருக்கிற பார்க். பெடியள் தாயம் உருட்டிக் காசுக்கு விளையாடிக்கொண்டு நிக்கிறாங்கள். இரண்டு பொலிஸ். டானி வில்லனுவேவாவைக் கைது செய்யப் போய் இழுபறி. கொன்ஸ்ரபிள் ஜோன்-லூ லப்புவாந் நாலு வேட்டு. தம்பி ஃபிரெடி, 18 வயது, ஹொண்டூராசில் பிறந்தவன், கையில் ஆயுதம் இல்லை, செத்துப்போனான். இன்னும் இரண்டு பேருக்குக் காயம். அடுத்த நாள் மொன்றியல் நோர் எரிஞ்சது, உங்களில் பலர் அப்ப பள்ளிக்கூடம். சுத்தி வளைச்சாங்கள், உயிருக்குப் பயந்தன் எண்டார் பொலிஸ்காரர். டிசம்பரில் அரசுத் தரப்பு, குற்றம் சுமத்தப்போறதில்லை எண்டு அறிவிச்சது. மரண விசாரணை அதிகாரியின்ர அறிக்கை வரவே 2013 டிசம்பர் ஆகிப்போச்சு. கியூபெக்கில் மரண விசாரணை அதிகாரிக்கு ஆரின் குற்றம் எண்டு சொல்லுற அதிகாரமும் இல்லை.

இரண்டிலும் ஒரு ஆள் பயந்து சுட்டார். ஒரு பயம் ஜூரிக்கு முன்னால் வந்து, குறுக்கு விசாரணை பட்டு, பிறகு ஏற்றுக்கொள்ளப்பட்டது. மற்றப் பயத்தைக் குற்றவியல் வழக்கொன்றில் ஆரும் குறுக்கு விசாரணை செய்யவே இல்லை. 'வேறு வழி இருந்ததா', 'சம்பவத்தில் உன்ர பங்கு என்ன', தாயம் விளையாடின பெடியளுக்குக் கிட்ட போனது ஏன், இதுகளை எடைபோட ஒரு ஜூரி கூப்பிடப்படவே இல்லை. சட்டப்படி பொலிசுக்கும் உயிருக்கு ஆபத்து எண்ட நியாயமான நம்பிக்கை வேணும், அது 25ஆம் பிரிவு. எழுத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வாசலில் இருக்கு. கியூபெக்கில் குற்றச்சாட்டுப் பதியிறதா இல்லையா எண்டு முதலில் தீர்மானிக்கிறது அரசுத் தரப்பு வழக்கறிஞர். தற்காப்பு வழக்குகளில் பாதி அந்த அறைக்குள்ளேயே முடிஞ்சுபோகுது எண்டு நான் நினைக்கிறன். அங்கை ஜூரியும் இல்லை, நாங்களும் இல்லை.

அந்த அறையில் நல்லதும் நடக்கலாம் எண்டதையும் சொல்ல வேணும். 2012இல் மதுரையில், மகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்க முயன்ற கணவனைக் கிரிக்கெட் மட்டையால் அடிச்சுக் கொன்ற ஒரு தாயை, மாவட்ட எஸ்.பி. அஸ்ரா கார்க் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் தற்காப்புப் பிரிவுகளைக் காட்டி விடுவிச்சார். தமிழ்நாடே பாராட்டினது. நானும் சந்தோசப்பட்டன். ஆனால் ஒரு அதிகாரியின்ர நல்ல மனசில் தொங்கிற நீதி, அடுத்த ஸ்ரேசனில் தொங்காது.

இப்ப மாமாவுக்குத் திரும்பி வருவம், பொலியேவுக்கும்.

'என்ர வீடு, என்ர சட்டம்' எண்டது எங்கை கொண்டுபோய் விடும் எண்டதுக்கு ஹமில்ற்றன் சாட்சி. 2016 பெப்ரவரி 4, விடியப்புறம் 3 மணி. பீற்றர் கில் எண்டவர் தன்ர பழைய ட்ரக்கை ஆரோ நோண்டுற சத்தம் கேட்டு எழும்பினார். 911க்கு அடிக்கேல்லை. துவக்கை எடுத்து, ரவை போட்டு, கதவைத் திறந்து, இருட்டுக்குள் போய்ச் சுட்டார். செத்தவர் ஜொனதன் ஸ்டையர்ஸ், 29 வயது, சிக்ஸ் நேசன்ஸ் பூர்வகுடி, இரண்டு பிள்ளையளின் தகப்பன். அவரிட்டத் துவக்கு இல்லை. கில் முந்தி ராணுவ ரிசேர்வில் இருந்தவர், பயிற்சி தன்னாலே வேலை செய்தது எண்டார். 2018இல் ஜூரி விடுதலை செய்தது. 2021 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம், மறுவிசாரணை சரிதான் எண்டது: சுட்ட அந்த நொடியை மட்டும் பார்க்கேலாது, கட்டிலில் இருந்து எழும்பினதில் இருந்து பார்க்க வேணும், அந்த மோதலை உண்டாக்கினதில் அவரின்ர பங்கு என்ன எண்டு ஜூரிக்குச் சொல்லியிருக்க வேணும். 2022 டிசம்பரில் மான்ஸ்லோட்டர் குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தது.

இந்தக் கதையைத் திருப்பிப் பாருங்கோ. பெத்தெல் வழக்கில் காலத்தைப் பின்னுக்கு நீட்டினதால் ஒரு பெண்ணின் பயம் விளங்கினது. கில் வழக்கில் காலத்தைப் பின்னுக்கு நீட்டினதால் ஒரு ஆம்பிளையின் துணிச்சல் விளங்கினது. இரண்டும் ஒரே வேலைதான். பொலியேவின் திருத்தம் இந்த வேலையை நிப்பாட்டச் சொல்லுது. வீட்டு வாசற்படியைத் தாண்டினவன் எண்டால், மிச்சத்தைப் பெரிசாக் கேளாதை எண்டுது. அதில் வெல்லப்போறது ஆர்? துவக்கு வைச்சிருக்கிற வீட்டுச் சொந்தக்காரர். பார்க் எக்ஸில் மூண்டு குடும்பம் இருக்கிற வாடகை வீட்டில், கதவு மாறித் தட்டின டெலிவரிப் பெடியன் எங்கட ஆளாத்தான் இருப்பான். சோபாவில் நித்திரை கொள்ளுற புருசன் அத்துமீறி வந்தவன் இல்லை, வாடகை ஒப்பந்தத்தில் அவனின்ர பெயர்தான் இருக்கு. அக்காவுக்கு அந்தத் திருத்தத்தில் ஒரு சொல்லும் இல்லை.

கோட்டுச் சட்டம் எண்டு எங்கட நேரத்தை ஏன் வீணாக்கிறம் எண்டு தோழர்கள் சிலர் கேட்பீங்கள், போன கூட்டத்திலும் கேட்டீங்கள். சிறையையே வேண்டாம் எண்டுறவை தண்டனைச் சட்டத்தின் உட்பிரிவை ஏன் வாசிக்க வேணும்? நான் நீதிமன்றத்தை நம்பச் சொல்லேல்லை. ஆனால் லண்டனில் கிரஞ்சித் அலுவாலியா 1992இல் வெளியில வந்தது சவுத்தால் பிளாக் சிஸ்ரேர்ஸ் வருசக்கணக்கா நிண்டு பிடிச்சதால. அவையும் அரசை நம்பினவை இல்லை. கட்டாய ஆயுள் தண்டனையை நீக்கு, 6 மாத எல்லையை நீக்கு எண்ட இரண்டு கோரிக்கையை எடுத்தாலே, இப்ப உள்ளுக்க இருக்கிற பெண்களின் பேரம் மாறும். எங்கட கூட்டறிக்கைகளில் இது இரண்டும் இதுவரைக்கும் வந்ததில்லை. நான் தேடிப் பார்த்தன்.

அக்காவிட்ட இதெல்லாம் சொன்னன். குத்தியிருந்தா, அநேகமாக் கொலைக் குற்றச்சாட்டு வந்திருக்கும், பேரம் பேசியிருப்பாங்கள், நீங்கள் பிள்ளைக்காக ஒப்புக்கொண்டிருப்பீங்கள், பிறகு பிளேன் ஏத்தியிருப்பாங்கள் எண்டு. கேட்டுக்கொண்டிருந்தா. பிறகு, "ஜூரியிட்டப் போனா என்ன கேட்டிருப்பினம்?" எண்டா. "உங்கட பயம் நியாயமானதா எண்டு" எண்டன்.

"நியாயமா? புருசனைக் குத்துறது எங்கை தங்கச்சி நியாயம்? இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன்."

அப்பத்தான் எனக்கு விளங்கினது. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம், அந்த இடத்தில் நிண்ட சாதாரண ஆளுக்கும் அப்பிடித்தான் தோன்றியிருக்குமா எண்டது. நாங்கள் அதை 'நியாயம்' எண்டு மொழிபெயர்க்கிறம். தமிழில் நியாயம் எண்டால் தர்மம். சாட்சிக் கூண்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டிருந்தால், அக்கா தன்ர வாயாலேயே தன்ர வழக்கை முடிச்சிருப்பா. இந்தக் கட்டுரையின்ர தலைப்பிலும் நான் அதே சொல்லைத்தான் போட்டிருக்கிறன், வேறு சொல் கிடைக்காததால.

34ஆம் பிரிவைப் பேச்சுத் தமிழில் எழுதி, பெண்கள் தங்குமிடங்களிலும் பிள்ளையார் கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம் எண்டு ஒரு யோசனை. முதல் வரைவு என்னட்ட இருக்கு. அந்த ஒரு சொல்லுக்கு இப்போதைக்கு, 'உங்கட இடத்தில நிண்ட எந்தப் பொம்பிளைக்கும் வந்திருக்கக்கூடிய பயமா?' எண்டு எழுதி வைச்சிருக்கிறன். அக்கா வாசிச்சுப்போட்டு, "ஓம், இப்பிடிக் கேட்டா பதில் சொல்லலாம்" எண்டா. சட்டம் படிச்ச ஆக்கள், மொழிபெயர்ப்பு வேலை செய்யிற ஆக்கள் இந்த மடலுக்குப் பதில் போடுங்கோ, வரைவை அனுப்பிவிடுறன்.